டீகா வாங்கிவிட்டுப் புறப்படுங்கள்: நேபாளத்தில் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு ஒரு தசைன் வழிகாட்டி

நேபாளத்து மலைக்கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்குத் தன்னார்வலராகப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலம் முழுக்க அட்டைக்கடியும் காயாத துணியுமாகக் கழிந்திருக்கும். புரட்டாசி பிறந்ததும் ஒரு நாள் காலையில் மேகம் விலகும். இத்தனை நாளும் கண்ணில் படாத பனிமலை வரிசை வடக்கே வந்து நிற்கும். அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் உங்களிடம் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: “தசைனுக்கு எங்கே?”

தசைன் நேபாளத்தின் மிகப் பெரிய பண்டிகை. நம் நவராத்திரி தொடங்கும் அதே நாளில் தொடங்கிப் பௌர்ணமி வரை 15 நாள் நீளும். பள்ளிக்கு நீண்ட விடுமுறை. வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் பருவமும் அதுதான். அதனால் புதிதாக வரும் தன்னார்வலர்கள் பலர், பள்ளி மூடிய மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு மலை பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் முதல் வருஷம் அப்படித்தான் செய்தேன். தனஹூன் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அப்போது ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அஷ்டமியன்று போக்ராவுக்குப் பஸ் ஏறினேன். பௌர்ணமி கழிந்து இரண்டு நாள் ஆனபின் திரும்பினேன்.

நான் தங்கியிருந்த வீட்டு ஆமா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவை அங்கே ஆமா என்றுதான் கூப்பிடுவோம். சாப்பிட்டு முடித்ததும் அரிசிப் பானையின் மூடியைத் திறந்து, செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே ஒரு பிடி ஜமரா, பூஜை அறையின் இருட்டில் வளர்த்த வாற்கோதுமை முளை, இருந்தது. தங்க மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய முளைகள் வைக்கோல் நிறத்துக்கு வந்து, நுனி சுருண்டு கிடந்தன. கூடவே ஒரு பத்து ரூபாய்ப் புது நோட்டு. தசைனில் பெரியவர்கள் ஆசி சொல்லி நெற்றியில் வைக்கும் அரிசிப் பொட்டுதான் டீகா. அதை வைக்கும் நாட்கள் முடிந்துபோனதால் என் நெற்றியில் அவரால் வைக்க முடியவில்லை. எனக்கென்று எடுத்து வைத்ததை மட்டும் கொடுத்தார்.

அடுத்த வருஷம் முதலில் டீகா, பிறகு மலை என்று மாற்றிக்கொண்டேன். பண்டிகையும் கிடைத்தது, பயணமும் கிடைத்தது, பள்ளிக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தேன். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேதியை நேபாளிக் கணக்கில் கேளுங்கள்

விடுமுறை அறிவிப்பு பள்ளிச் சுவரில் ஒட்டப்படும்போது அதில் ஆங்கிலத் தேதி இருக்காது. விக்ரம் சம்வத் கணக்கில் ‘அசோஜ்’ இத்தனையாம் தேதி, ‘கார்த்திக்’ இத்தனையாம் தேதி என்று இருக்கும். வட இந்தியப் பழக்கத்தில் இந்த மாதங்களைச் சந்திர மாதமாக எண்ணிக் குழம்பாதீர்கள். நேபாளத்தில் புழங்குவது சூரிய மாதம். நம் தமிழ் மாதமும் சூரிய மாதம் என்பதால் இரண்டும் அநேகமாக ஒட்டியே ஓடும்: வைசாக் நம் சித்திரை, அசோஜ் நம் புரட்டாசி, கார்த்திக் நம் ஐப்பசி. ஒரு நாள் முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான். வீட்டிலிருந்து ஒரு தமிழ்த் தினசரி காலண்டர் கொண்டுபோனால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக்குக் கைப்பேசியில் ‘ஹம்ரோ பாத்ரோ’ செயலி இருக்கிறது. நேபாளிகள் எல்லோரும் தேதி பார்ப்பது அதில்தான்.

தலைமை ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி என்று மூடுகிறது? தசைனுக்கும், அவர்கள் தீபாவளியான திஹாருக்கும் நடுவில் சில நாள் திறக்குமா, அல்லது சேர்த்தே விடுமுறையா? திறக்கும் நாளில் பரீட்சை ஏதும் உண்டா? இது ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி மாறும். பக்கத்து ஊர்த் தன்னார்வலர் சொன்னதை நம்பி டிக்கெட் போடக் கூடாது. உங்களை அனுப்பிய அமைப்புக்கும் நீங்கள் எங்கே, எத்தனை நாள் போகிறீர்கள் என்று எழுதி அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையும் உங்கள் விடுப்பும் ஒன்றல்ல என்று பிறகு யாராவது சொன்னால் அந்தப் பதில் உதவும்.

பதினைந்து நாளும் ஒரே அளவு முக்கியமல்ல. முதல் நாள் கடஸ்தாபனா, அதாவது கலசம் வைப்பது. அன்று பூஜை அறையில் மணல் பரப்பி வாற்கோதுமை விதைத்து, வெளிச்சம் படாமல் மூடி வைப்பார்கள். அதுதான் ஜமரா. நம் ஊர் முளைப்பாரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை, அதே இருட்டு, அதே மஞ்சள் முளை. ஏழாம் நாள் பூல்பாத்தி: கோர்க்காவிலிருந்து பூவும் இலையும் காத்மாண்டுவின் அனுமான் டோகா அரண்மனைக்கு வந்து சேரும். எட்டும் ஒன்பதும் பலி கொடுக்கும் நாட்கள். பத்தாம் நாள் விஜயதசமி, டீகா. அங்கிருந்து பௌர்ணமி வரை ஐந்து நாள் உறவினர் வீடு வீடாகப் போய் டீகா வாங்குவார்கள். உங்கள் பயணத்தைத் திட்டமிட இந்தக் கடைசி ஐந்து நாள் கணக்கு தெரிந்தால் போதும்.

காகிதமும் பணமும்

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கட்டாயம். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு விசா உண்டு. சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தொண்டு வேலைகூடச் செய்ய அனுமதி கிடையாது என்பதால், அதை அமைப்பிடம் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இந்திய ரூபாயை அங்கே ‘ஐசி’ என்பார்கள். 100 ஐசிக்கு 160 நேபாள ரூபாய், இது நிலையான மாற்று விகிதம். கடைக்காரர் விலை சொல்லும்போது ‘ஐசியா, நேருவா?’ என்று கேட்டுவிடுங்கள். ‘நேரு’ என்றால் நேபாளி ரூபாய். இந்திய நோட்டு கொண்டுபோனால் நூறு ரூபாய் நோட்டாகக் கொண்டுபோவதே சிக்கலில்லாதது. 2024 முதல் இந்திய யுபிஐ வைத்து ஃபோன்பே (நம் PhonePe அல்ல, நேபாளத்தின் Fonepay) கியூஆர் உள்ள கடைகளில் பணம் கட்டலாம். ஆனால் மலைமேல் நெட் வராத டீக்கடைக்கு இது உதவாது. அஷ்டமி முதல் நாலைந்து நாள் வங்கி மூடியிருக்கும், ஏடிஎம்மிலும் பணம் தீர்ந்துபோகும். பூல்பாத்திக்கு முன்பே கையில் ரொக்கம் எடுத்து வையுங்கள். அதில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ப் புது நோட்டுகள் கொஞ்சம் இருக்கட்டும். உங்களைவிடச் சின்னவர்களுக்கு நீங்கள் தட்சிணை தர வேண்டிவரும்.

தங்கியிருக்கும் வீட்டில் பேசிக்கொள்ள வேண்டியவை

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போதே, ஆமா அடுப்படியில் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்து பேசுங்கள். முதல் கேள்வி, இந்த வருஷம் வீட்டில் டீகா உண்டா என்பது. அந்த ஆண்டில் வீட்டில் இறப்பு நடந்திருந்தால் டீகா கிடையாது. மலைவாழ் சமூகங்களில் சிலர் சிவப்புக்குப் பதில் வெள்ளை டீகா வைப்பார்கள், சிலர் தசைனே கொண்டாடுவதில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. எல்லா நேபாளிக்கும் தசைன் வாழ்த்து சொல்லிக்கொண்டு போவதற்கு முன் யார் வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வது மரியாதை. நீங்கள் டீகா வைத்துக்கொள்ளாதவராக இருந்தால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கைகூப்பி ஒரு நமஸ்தே போதும், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். பத்தாம் நாள் தட்டோடு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தபின் மறுப்பதுதான் மனசைப் புண்படுத்தும்.

பெண்களுக்கு ஒரு விஷயம். பாஹுன் (பிராமணர்), செத்ரி (சத்திரியர்) வீடுகள் பலவற்றில் மாதவிலக்கு நாட்களில் அடுப்படிக்குள் போவதில்லை, டீகாவும் வாங்குவதில்லை. நமக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும், அது அவர்கள் வீடு. நாள் இடித்தால் ஆமாவிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பௌர்ணமிக்குள் ஒரு நாள் பார்த்து உங்களுக்கு வைத்துவிடுவார். என்னோடு இருந்த ஒரு தோழிக்குத் திரயோதசியன்று வைத்தார்கள்.

சாதி பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். தீண்டாமையை நேபாளம் 2011-இல் தனிச் சட்டம் போட்டுக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனாலும் கிராமத்தில் தலித் மாணவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தால் முகம் சுருக்குகிறவர்கள் உண்டு. ‘என் வகுப்புப் பிள்ளைகள் எல்லார் வீட்டுக்கும் போவேன், கூப்பிட்ட இடத்தில் சாப்பிடுவேன்’ என்று வீட்டில் முதலிலேயே, அன்பாக, தெளிவாகச் சொல்லிவிட்டேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பாவாதான், அந்த வீட்டு அப்பா, “வாத்தியார் எல்லார் வீட்டுக்கும்தானே வாத்தியார்” என்றார். பிள்ளைகளில் யார் வீட்டுக்குப் போனீர்கள், யார் வீட்டுக்குப் போகவில்லை என்பது விடுமுறை முடிந்தபின் வகுப்பறையில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

செலவில் பங்கு தர விரும்பினால் எண்ணெய், சர்க்கரை, பழம், சேல் ரொட்டிக்கு அரிசி என்று வாங்கிக் கொடுங்கள். முழு ஆட்டுக்கும் நான் பணம் தருகிறேன் என்று சொல்வது பெரிய மனசு போலத் தோன்றும். ஆனால் தசைனுக்கு ஆடு வாங்குவது அந்த வீட்டுத் தலைவரின் கௌரவம். அதில் கை வைக்காதீர்கள்.

ஆடு

தசைன் கறி என்றால் ‘கஸி’, காயடித்த கிடா. உயிரோடு எடைபோட்டு விற்பார்கள். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பங்கு போடுவதும் உண்டு. அஷ்டமி, நவமி நாட்களில் அம்மன் கோயில்களில் பலி நடக்கும். நவமியன்று பஸ், லாரி, தையல் மிஷின், மண்வெட்டி வரைக்கும் பூஜை. ஆயுத பூஜை அங்கேயும் அதே நாள்தான், பொரிகடலைக்குப் பதில் ரத்தம். குலசாமிக்குக் கிடா வெட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பார்க்க முடியாதவர்கள் அன்று காலை ஒரு நடை போய்விட்டு வரலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பலி நடக்கும்போது படம் எடுத்து இணையத்தில் போடுவதுதான் தவறு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘ம மாசு காந்தின’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். நான் கறி சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம்.  பருப்பு, சோறு, முள்ளங்கி ஊறுகாய், சியுரா என்று வயிறு நிறையும். சியுரா நம் அவல்தான், கெட்டியாக, நனைக்காமல் சாப்பிடுவார்கள். எச்சில் என்பதற்கு அங்கே ‘ஜூட்டோ’ என்று சொல், விதிகளும் நம் பாட்டி வீட்டு விதிகள்தான்: உங்கள் தட்டிலிருந்து அடுத்தவர் தட்டுக்கு எடுத்து வைக்கக் கூடாது, தண்ணீர்ச் செம்பில் வாய் படக் கூடாது. பரிமாறுவதை நிறுத்த ‘புக்யோ’, போதும். மூன்று முறை சொன்னால்தான் நிறுத்துவார்கள்.

டீகா நாள்

நல்ல நேரத்தை நேபாளப் பஞ்சாங்க நிர்ணாயக் சமிதி அறிவிக்கும், வானொலியில் சொல்வார்கள். அதற்கு முன் குளித்து, இருப்பதில் நல்ல துணி உடுத்திக்கொண்டு காத்திருங்கள். ஆமா ஒரு வெண்கலத் தட்டில் பச்சரிசியும் தயிரும் சிவப்புப் பொடியும் போட்டுப் பிசைவார். கை மணிக்கட்டு வரை சிவந்துபோகும். பிசைந்தது அரிசி உதிராத அளவுக்குக் கெட்டியாகவும் ஒட்டுகிற அளவுக்கு ஈரமாகவும் இருக்க வேண்டும், அந்தப் பதத்துக்காக வீட்டில் சின்னச் சண்டையே நடக்கும். ஜமராவை வேரோடு பிடுங்கி மணலை உதறிச் சின்னச் சின்னப் பிடியாகக் கட்டி வைத்திருப்பார்கள்.

வீட்டில் மூத்தவர் முதலில் உட்காருவார். வயது வரிசையில் ஒவ்வொருவராக அவர் முன்னால் உட்கார்ந்து தலை குனிய வேண்டும். உங்கள் முறை வரும்போது இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டிக்கொள்ளுங்கள். நெற்றி நிறைய டீகாவை அழுத்துவார்கள், நாலு விரலாலும், நிதானமாக. தயிர் மூக்குத்தண்டில் வழியும், துடைக்காதீர்கள். ஜமராவை ஆண்களுக்குக் காதோரத்திலும் பெண்களுக்குக் கூந்தலிலும் செருகுவார்கள். கூடவே ஆசி மந்திரம். ஆண்களுக்கான மந்திரத்தில் துரோணர் மகனின் ஆயுள், தசரதனின் செல்வம், துரியோதனனின் மானம், விதுரனின் அறிவு என்று வரிசையாக வேண்டுவார்கள். பெண்களுக்கு ‘ஜயந்தீ மங்களா காளீ’ என்று தொடங்கும். மந்திரம் தெரியாத பாட்டிமார் தங்கள் வாயால் வாழ்த்துவார்கள், அது இன்னும் நீளம். தட்சிணையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஐயோ, எனக்கெதற்கு’ என்று தள்ளக் கூடாது.

நமக்கு ஆச்சரியமான ஒன்று: பாஹுன், செத்ரி வீடுகளில் தாய்மாமன்தான் மருமகன், மருமகள் காலைத் தொட்டு வணங்கித் தட்சிணை கொடுப்பார். பெற்றோரும் மகளின் காலில் தலை வைப்பதுண்டு. அதனால் பார்த்தவுடனே ஊர் வழக்கப்படி எல்லோர் காலிலும் விழுந்துவிடாதீர்கள். வீட்டுப் பெண்ணாக உங்களை நினைத்திருந்தால் பாவா பதறிப்போய் எழுந்துகொள்வார், எனக்கு அப்படித்தான் நடந்தது. பக்கத்தில் இருப்பவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்வது நல்லது.

அன்று மாலை பிள்ளைகள் உங்களை ‘லிங்கே பிங்’குக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். நாலு பச்சை மூங்கிலை நட்டு, உச்சியை வளைத்துக் கட்டி, புல் கயிறு போட்ட பெரிய ஊஞ்சல். தசைனில் ஒரு முறையாவது கால் தரையை விட்டு எழும்ப வேண்டும் என்று நம்பிக்கை. ஏறுங்கள். சீட்டாட்டத்துக்கும் கூப்பிடுவார்கள், காசு வைத்து ஆடுவது மட்டும் வேண்டாம்.

மறுநாள் ஏகாதசியைப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒதுக்குங்கள். ஒரு வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டால் அடுத்த வீட்டில் சிக்கல், எங்கேயும் பாதி வயிறு. ‘தசைன்கோ சுபகாமனா’ என்ற வாழ்த்தும், ‘கானா கானுபயோ?’ என்ற விசாரிப்பும் போதும். ‘சாப்பிட்டாச்சா?’ என்பதேதான் அங்கேயும் நலம் விசாரிப்பது.

கிளம்பும் நாள்

துவாதசி காலை கிளம்புங்கள். காரணம் இது: பூல்பாத்திக்கு முன்பு காத்மாண்டுவே காலியாகி ஊர்ப்பக்கம் வரும். நம் தீபாவளிக்குக் கோயம்பேட்டில் பார்த்த கூட்டம் காத்மாண்டுவின் கலங்கி என்ற இடத்திலும் கோங்கபு பஸ் நிலையத்திலும் நிற்கும். டிக்கெட் வாரக்கணக்கில் முன்னாலேயே தீரும். டீகா நாளில் நெடுஞ்சாலையில் பஸ்ஸே அரிது. துவாதசிக்குப் பின் கூட்டம் காத்மாண்டுவை நோக்கித் திரும்பும். அப்போது நீங்கள் மேற்கே போக்ரா பக்கம் போனால் எதிர்த்திசை, இடம் கிடைக்கும். காத்மாண்டு பள்ளத்தாக்கில் வேலை செய்கிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அவர்கள் ஊரிலேயே இருந்து வெறிச்சோடிய நகரத்தை அனுபவிப்பது நல்லது. நவமியன்று மட்டும் பொதுமக்களுக்குத் திறக்கும் அனுமான் டோகா தலேஜு கோயிலும், பக்தபூரில் நவதுர்க்கை பீடங்களுக்கு விடியற்காலையில் கூட்டம் கூட்டமாகப் போகும், பள்ளத்தாக்கின் பழைய குடிகளான நேவாரிகளும் அங்கே இருக்கிறார்கள். நேவாரிகளுக்கு இந்தப் பண்டிகையின் பெயர் மொஹனி.

பகலில் மட்டும் பயணம் செய்யுங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். 2024 செப்டம்பர் கடைசியில், தசைனுக்குச் சில நாள் இருக்கும்போது பெய்த மழையில் நேபாளம் முழுவதும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். தாதிங் மாவட்டத்தில் நெடுஞ்சாலையில் நின்ற பஸ்கள் மண்சரிவில் புதைந்தன. 2025-இல் டீகா முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில் இலாம் மாவட்டத்தில் சரிவு. மழை போய்விட்டது என்று புரட்டாசி நமக்குக் காட்டும் நீல வானத்தை முழுதாக நம்பக் கூடாது. மழை எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். இரவு பஸ் வேண்டாம், பஸ் கூரைமேல் ஏறவே வேண்டாம். காத்மாண்டுவிலிருந்து போக்ரா 200 கிலோமீட்டர்தான், ஆனாலும் பகல் முழுக்க ஆகலாம். அவசரத்துக்குக் காவல்துறை 100, ஆம்புலன்ஸ் 102, சுற்றுலாக் காவல் 1144.

மூன்று நாள் இருந்தால், ஐந்து நாள் இருந்தால்

மூன்று நாளே இருந்தால் பந்திபூர் போங்கள். டும்ரேயில் இறங்கி 8 கிலோமீட்டர் மேலே. பழைய நேவாரி வணிகர் ஊர். கல் பாவிய கடைத்தெருவில் வண்டி வராது. திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே பனிமலை. போக்ராவைவிட எனக்கு இதுதான் பிடித்தது, கூட்டம் இல்லை, செலவும் குறைவு.

ஐந்து நாள் இருந்தால் போக்ரா வழியாகப் பூன் ஹில். போக்ராவில் ஒரு நாள் பேவா ஏரி, தால் பாராஹி கோயிலுக்குப் படகு. மறுநாள் ஜீப்பில் உல்லேரி வரை போய், அங்கிருந்து கோரேபானிக்கு நடை. அதற்கடுத்த விடியலில் பூன் ஹில் ஏற்றம், 3,210 மீட்டர். தவுலாகிரி, அன்னபூர்ணா, மச்சபுச்சரே மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சம் பிடிக்கும். மச்சபுச்சரே 6,993 மீட்டர், புனித மலை என்பதால் ஏற அனுமதி கிடையாது. இறங்கும்போது தாடாபானி, காந்த்ருக் வழியாக வந்தால் குருங் மக்களின் கல்வீடுகளில் தங்கலாம்.

அன்னபூர்ணா பகுதிக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும். இந்தியா, இலங்கை போன்ற சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. அலுவலகம் டீகா நாட்களில் மூடியிருக்கும் என்பதால் முன்பே வாங்கி வைப்பது நல்லது. 2023 முதல் வெளிநாட்டவர் மலைநடைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போக வேண்டும் என்பது விதி. உங்களோடு வரும் வழிகாட்டி தசைனில் தன் வீட்டை விட்டு வருகிறார், பேசிய கூலிக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். உயரம் 2,500 மீட்டரைத் தாண்டியபின் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் மேலே ஏறக் கூடாது, இறங்க வேண்டும். விடியலில் குளிர் எலும்பைத் தொடும். சென்னையிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டர் போதாது, போக்ராவில் டவுன் ஜாக்கெட் வாடகைக்குக் கிடைக்கும்.

நீண்ட நடை ஆசை உள்ளவர்கள் திஹார் முடியட்டும் என்று காத்திருங்கள். வானம் இன்னும் தெளியும். திஹாரில் ஊரில் இருப்பது அவசியம்: இரண்டாம் நாள் நாய்களுக்குச் செண்டுமல்லி மாலை, கடைசி நாள் பாய் டீகா. அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிக்கு ஏழு வண்ண டீகா வைத்து வாடாமல்லி மாலை போடுவார்கள். உடன்பிறந்தார் பக்கத்தில் இல்லாதவரை அன்று யாராவது தத்தெடுத்துக்கொள்வார்கள்.

பள்ளிக்குத் திரும்புதல்

பள்ளி திறப்பதற்கு முதல் நாள் இரவு அல்ல, அதற்கு முந்தின பகலிலேயே ஊர் வந்து சேரும்படி டிக்கெட் போடுங்கள். ஒரு நாள் சாலைக்கு. முக்லிங் பக்கம் ஒரு லாரி நின்றால் நாலு மணி நேரம் போகும். இன்னொரு நாள் உங்களுக்கு: துணி துவைக்க, காலில் வந்த கொப்புளம் ஆற, ஆமாவிடம் போன இடமெல்லாம் சொல்ல. வரும்போது போக்ராவிலிருந்து வீட்டுக்கு ஆரஞ்சோ ஆப்பிளோ ஒரு பை, பிள்ளைகளுக்குப் பென்சில்.

முதல் நாள் வகுப்பில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். மீதி இன்னும் மாமாகரில், தாய்மாமன் வீட்டில். புதுப் பாடம் எடுக்காதீர்கள், எடுத்தால் வராதவர்களுக்காக மறுபடி எடுக்க வேண்டும். ஊஞ்சலைப் பற்றி ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம். தட்சிணை எவ்வளவு சேர்ந்தது என்று கூட்டிக் கணக்குப் போடச் சொன்னேன் ஒரு முறை. வாங்கியது குறைவாக இருந்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள், பிறகு அதைச் செய்யவில்லை. எத்தனை பேரிடம் டீகா வாங்கினீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் சொல்ல எண் இருக்கிறது.

உங்களையும் கேட்பார்கள். இரண்டாம் வருஷம் நான் பதினொன்று என்று சொன்னதும், பின்பெஞ்சில் இருந்து ஒரு குரல் வந்தது: “பன்னிரண்டு மிஸ், எங்கள் பாட்டியை விட்டுவிட்டீர்கள்.”